காய்ச்சலின் கணக்கும் ஓர் அமானிதமே



நம் வீடுகளில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால், முதலில் செல்வது தெருமுனையிலுள்ள கிளினிக்குக்கே. அங்குள்ள மருத்துவர் நம் தகப்பனார் காலத்திலிருந்து நம்மை அறிந்தவர். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், ஓர் ஊசி போடுவார், மூன்று நாள்களுக்கு மாத்திரை எழுதித் தருவார். பெரும்பாலும் அத்துடன் காய்ச்சலும் போய்விடும், அதைப் பற்றிய செய்தியும் மறைந்துவிடும். அதே மாலையில் பக்கத்துத் தெருவிலிருந்து நால்வர் அதே குறிகளோடு வேறொரு கிளினிக்குக்குச் சென்றிருக்கலாம். இரு மருத்துவர்களும் அவரவர் நோயாளியை நன்றாகவே கவனித்திருப்பார்கள். ஆயினும், ஊரில் ஏதோ ஒன்று பரவத் தொடங்கிவிட்டது என்பதை இருவருமே அறிந்திருக்க மாட்டார்கள்.

கொள்ளைநோய்க் காலத்தில் இந்த அறியாமை உயிர்களை வாங்கும். தனியார் மருத்துவர்கள் காணும் நோய்களை அன்றன்றே மின்னணு முறையில் சுகாதாரத் துறைக்கு அறிவிக்கும் ஏற்பாட்டை நம் சமுதாயம் அச்சத்தோடு பார்க்காமல், மார்க்கக் கடமையின் ஒரு பகுதியாகக் கருதி ஆதரிக்க வேண்டும் என்பது நமது கருத்து. அதே வேளையில், அந்த ஏற்பாட்டிடம் நாம் சில உறுதிகளைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

கிளினிக்கோடு நின்றுவிடும் செய்தி

1994ஆம் ஆண்டு சூரத் நகரில் பிளேக் பரவியதாகச் செய்தி வந்தபோது, மக்கள் இலட்சக்கணக்கில் ஊரைவிட்டு ஓடினார்கள். தனியார் மருத்துவர்கள் பலரும் கிளினிக்குகளை மூடிவிட்டுச் சென்றார்கள். நோயைக் காலத்தே அறியும் அமைப்பு நாட்டில் இல்லை என்பதை அந்நிகழ்வு வெளிப்படுத்தியது. அதன்பின் எடுக்கப்பட்ட முயற்சிகளின் தொடர்ச்சியாக, 2004 நவம்பரில் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது.

இத்திட்டத்தில் மூன்று படிவங்கள் உண்டு. கிராம சுகாதாரச் செவிலியர் வீடுவீடாகச் சென்று காணும் காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு போன்ற குறிகளை எழுதுவது 'எஸ்' படிவம். மருத்துவர் நோயாளியைப் பார்த்து, இன்ன நோயாக இருக்கலாம் என்று கருதுவதை எழுதுவது 'பி' படிவம். ஆய்வுக்கூடம் சோதித்து உறுதிசெய்வதை எழுதுவது 'எல்' படிவம். தொடக்கத்தில் இவை வாரத்துக்கு ஒருமுறை மாவட்டத்துக்குச் சென்று சேர்ந்தன. 2021 ஏப்ரல் 5ஆம் நாள் ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளம் என்ற புதிய மின்னணு அமைப்பு நாடு முழுமைக்கும் அறிமுகமானது. முன்பு 18 நோய்களைக் கண்காணித்த இடத்தில் இது 33 நோய்களைக் கண்காணிக்கிறது. செல்பேசியிலோ கணினியிலோ பதிந்த உடனேயே, எந்தக் கிராமத்தில் என்ன நோய் என்பதை மாவட்ட அலுவலர் காணலாம்.

அமைப்பு நன்றாகவே வரையப்பட்டுள்ளது. ஆனால் அதற்குள் செய்தி வந்து சேர வேண்டுமே! அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து வருவது ஒழுங்காக வருகிறது. நம் மக்களில் பெரும்பகுதியினர் முதலில் செல்லும் தெருமுனைக் கிளினிக்கிலிருந்து வருவதுதான் மிகக் குறைவு. தொற்றுநோயைக் கண்ட மருத்துவர் அதை அறிவிக்க வேண்டும் என்ற கடமை நமக்குப் புதிதன்று. 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் முதற்கொண்டே அது நம் மாநிலத்தில் இருந்துவருகிறது. சட்டம் எண்பது ஆண்டுகளைக் கடந்தும், அது வழக்கமாக மாறவில்லை என்பதே உண்மை.

வேலூரின் அஞ்சலட்டைகள்

தனியார் மருத்துவர்கள் ஒருபோதும் அறிவிக்க மாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு என்பதற்கு நம் அண்டை மாவட்டமே சான்று. 1980களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் அவர்களும் அவருடைய குழுவினரும் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு நோய்க் கண்காணிப்பு முறையை உருவாக்கினார்கள். கணினியும் இணையமும் கைக்கு எட்டாத காலம் அது. மருத்துவர்களுக்கு அஞ்சல் செலவில்லாத அட்டைகள் தரப்பட்டன. குறிப்பிட்ட நோய்களில் ஒன்றைக் கண்டால் அட்டையில் குறித்து அஞ்சலில் சேர்த்துவிட வேண்டும், அவ்வளவே. வந்த செய்திகளையெல்லாம் தொகுத்து, மாதந்தோறும் ஒரு செய்திமடலாக அதே மருத்துவர்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அரசு மருத்துவர்களும் தனியார் மருத்துவர்களும் ஒரே முறையில் பங்கேற்றார்கள். பின்னர் கேரளத்தின் கோட்டயம் மாவட்டமும் இம்முறையைக் கைக்கொண்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்தச் செய்திமடலையே. தாம் எழுதி அனுப்பியது எங்கோ ஒரு கோப்பில் புதைந்துவிடவில்லை, தம் நோயாளிகளுக்கே பயன்படுகிறது என்பதை மருத்துவர் கண்ணால் கண்டார். பக்கத்து ஊரில் மூளைக்காய்ச்சல் வந்திருக்கிறது என்று அறிந்த மருத்துவர், தம்மிடம் வரும் அடுத்த குழந்தையை வேறு கண்ணோடு பார்ப்பார். கொடுப்பவருக்குத் திரும்ப ஒன்று கிடைக்கும்போதுதான் கொடுக்கும் வழக்கம் நிலைக்கும்.

காசநோயில் இதை மீண்டும் கண்டோம். 2012இல் காசநோயாளிகளைப் பற்றி அறிவிப்பது எல்லா மருத்துவர்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. 'நிக்சய்' என்னும் மின்னணுத் தளமும் வந்தது. ஆணை மட்டும் இருந்த முதல் சில ஆண்டுகளில் தனியாரிடமிருந்து வந்தவை குறைவே. அறிவிக்கும் மருத்துவருக்கு ஊக்கத்தொகையும், நோயாளிக்கு இலவச மருந்தும், ஊட்டச்சத்துக்கான உதவித்தொகையும் என்று பயன்கள் சேர்ந்தபின் அறிவிப்புகள் பெருகின. பிரான்சு நாட்டில் 1984ஆம் ஆண்டிலேயே, தொலைபேசிக் கம்பியோடு இணைந்த 'மினிடெல்' என்னும் சிறு கருவியின் வழியாகப் பொது மருத்துவர்கள் தாம் காணும் ஃபுளூ நோயாளிகளின் எண்ணிக்கையை அனுப்பத் தொடங்கினார்கள். விருப்பத்தின் பேரில் பங்கேற்ற மருத்துவர்களைக் கொண்டே அந்த வலையமைப்பு இன்றளவும் இயங்குகிறது. ஆகவே தடை கருவியில் இல்லை. மருத்துவர்களின் மனத்தைச் சேர்த்துக்கொள்வதில்தான் இருக்கிறது.

மலையிலிருந்து இறங்கிவரும் காய்ச்சல்

நம் கள்ளக்குறிச்சி, 2019 நவம்பர் 26ஆம் நாள் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. சில மாதங்களிலேயே கொரோனாவைச் சந்திக்க நேர்ந்தது. அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை. வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் அவற்றைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். மலையில் தனியார் மருத்துவரைக் காண்பது அரிது. காய்ச்சல் முற்றினால் மக்கள் சங்கராபுரத்துக்கோ சின்னசேலத்துக்கோ கள்ளக்குறிச்சிக்கோ இறங்கி வருகிறார்கள். மலையின் மறுபுறத்தார் சேலம் மாவட்டத்துக்குள் இறங்குகிறார்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஐந்து பேர் ஐந்து கிளினிக்குகளுக்கு இறங்கி வந்தால், ஐந்து மருத்துவர்களுக்கும் அது ஆளுக்கொரு சாதாரணக் காய்ச்சல். நோயாளியின் ஊர்ப்பெயரை எழுதாமல் கிளினிக்கின் முகவரியை மட்டும் பதிந்தால், நோய் நகரத்தில் இருப்பதாகத் தோன்றும். மருந்து தெளிப்போரும் குடிநீர் சோதிப்போரும் நகரத்துத் தெருக்களில் அலைவார்கள். மலையில் நோய் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். காட்டோரத்து மக்களைத் தாக்கும் உண்ணிக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். காலத்தே அறிந்தால் எளிய மருந்தில் குணமாகக்கூடியது. வெறும் காய்ச்சல் என்று நாள்களைக் கடத்தினால் உயிரையே குடித்துவிடும். ஐந்து காய்ச்சல்களும் ஒரே ஊரைச் சேர்ந்தவை என்று ஒருவர் கண்ணில் பட்டால் போதும், ஆறாவது மனிதர் பிழைப்பார்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதை நாம் மறக்க முடியாது. அது தொற்றுநோய் அன்று. ஆயினும் படிப்பினை ஒன்றே. வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல் என்று ஒருவர் வந்தால் அது ஒரு நோயாளியின் துன்பம். ஒரே பகுதியிலிருந்து ஒரே நாளில் மூவர் நால்வர் வந்தால் அது ஊருக்கே எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையைக் கேட்கும் காது, மருத்துவர்கள் காண்பதெல்லாம் ஓரிடத்தில் வந்து சேரும்போதுதான் உண்டாகும். அத்துயரத்துக்குப் பின் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை, பள்ளி, மருத்துவம் என்று அங்கே எழுந்த கேள்விகளோடு, மலையிலிருந்து செய்தி இறங்கிவரும் வழியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். செல்பேசிச் சமிக்ஞை கிடைக்காத ஊரில் மின்னணுக் கண்காணிப்பு என்பது வெறும் சொல்லே.

2020 நமக்குக் கற்பித்தது

இனி, நம் சமுதாயத்தின் மனத்தில் உள்ள முள்ளைப் பற்றிப் பேசுவோம். நோயாளியின் விவரங்களை அரசுக்குத் தர வேண்டும் என்றாலே நம்மில் பலருக்கு 2020 மார்ச், ஏப்ரல் மாதங்கள் நினைவுக்கு வருகின்றன. தில்லி நிஜாமுத்தீன் மர்கஸுக்குச் சென்று திரும்பியவர்களுக்குத் தொற்று கண்டது உண்மை. அவர்களையும் அவர்களோடு பழகியவர்களையும் தேடிச் சோதித்ததும் மருத்துவ முறைப்படி சரியே. ஆனால் நாள்தோறும் வெளியான எண்ணிக்கையில் அந்நிகழ்வு தனியே பிரித்துக் காட்டப்பட்டது. பின்னர் நம் மாநிலத்தில் 'ஒரே மூலம்' என்று சொல் மாற்றப்பட்டது. சொல் மாறுவதற்குள் காயம் ஆழமாகிவிட்டது. தெருவில் காய்கறி விற்ற முஸ்லிம் வியாபாரியைக்கூட நாட்டின் பல இடங்களில் விரட்டினார்கள். எந்தச் சமூகத்தின் மீதும் நோயின் பழியைச் சுமத்தலாகாது என்று மத்திய சுகாதார அமைச்சகமே அறிவுறுத்த வேண்டியதாயிற்று. 2020 ஆகஸ்ட் 21ஆம் நாள் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஒளரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை நீக்கியபோது, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே கருதியது.

அந்தக் காயத்தை நாம் சிறிதாக்கவில்லை. ஆனால் அதிலிருந்து நாம் பெற வேண்டிய படிப்பினை எது என்பதில் தெளிவு தேவை. 'இனி எதையும் சொல்லாமல் இருப்போம்' என்று சிலர் முடிவு கட்டினார்கள். சற்று எண்ணிப் பாருங்கள். அந்நாள்களில் சோதனை மிகக் குறைவாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், அவர்களோடு பழகியவர்கள், ஒரு குறிப்பிட்ட நிகழ்வுக்குச் சென்றவர்கள் என்று ஒரு சிலரையே சோதித்தார்கள். எந்தக் குழுவை மட்டும் சோதிக்கிறோமோ அந்தக் குழுவிடம் மட்டுமே நோய் இருப்பதாகத் தோன்றும். விளக்கு ஒரு மூலையில் மட்டும் எரிந்தால், வீட்டின் குப்பையெல்லாம் அந்த மூலையில் கிடப்பதாகத்தானே தெரியும்? ஒவ்வொரு ஊரின் ஒவ்வொரு கிளினிக்கிலும் வந்த காய்ச்சல், மதமும் சாதியும் பாராமல் அன்றன்று பதிவாகியிருந்தால், நோய் எல்லாத் தெருக்களிலும் நடமாடியது முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். ஒரு சமுதாயத்தைச் சுட்டிய விரலுக்கு அந்தக் கணக்கே பதில் சொல்லியிருக்கும்.

பொதுவான, நேர்மையான கணக்கு இல்லாத இடத்தில்தான் வதந்தி கணக்கு எழுதுகிறது. ஆகவே இக்கண்காணிப்பு முழுமையடைவது வேறு எவரையும்விட நமக்கே கூடுதல் பாதுகாப்பாகும்.

துருவுதலும் தெளிதலும்

பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதை அல்குர்ஆன் (49:12) தடுக்கிறதே, நோய்க் கண்காணிப்பு அதில் சேராதா என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. அதே அத்தியாயத்தின் ஆறாவது வசனம், செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துத் தெளிவுபெறுமாறு கட்டளையிடுகிறது. தஜஸ்ஸுஸ் என்னும் துருவுதலின் நோக்கம் ஒரு மனிதரை இழிவுபடுத்துவது. தெளிதலின் நோக்கம் மனிதர்களைத் தீங்கிலிருந்து காப்பது. இரண்டுக்கும் உள்ள எல்லைக்கோடு நோக்கத்திலும், செய்தி எவர் கையில் சேர்கிறது என்பதிலும் இருக்கிறது.

அச்சம் தரும் செய்தி வந்தவுடன் அதைப் பரப்பிவிடும் மக்களைக் கண்டித்து, அதைத் தூதரிடமும் பொறுப்பில் உள்ளவர்களிடமும் கொண்டு சென்றிருந்தால், ஆய்ந்தறியும் திறனுள்ளோர் அதன் உண்மையைக் கண்டிருப்பார்கள் என்ற கருத்தை அல்குர்ஆன் (4:83) நமக்குக் கற்பிக்கிறது. இன்றைய நிலையில் இதைப் பொருத்திப் பாருங்கள். 'எங்கள் தெருவில் மர்மக் காய்ச்சல்' என்று வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவு அனுப்புவது ஒரு வழி. அதே செய்தியை மருத்துவரிடமும் அவர் வழியாகச் சுகாதாரத் துறையிடமும் சேர்ப்பது மற்றொரு வழி. மார்க்கம் எந்த வழியைக் காட்டுகிறது என்பதில் ஐயமில்லை.

உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றபோது, ஸர்க் என்னுமிடத்தில் படைத்தளபதிகள் எதிர்வந்து, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிவித்தார்கள். கலீஃபா முஹாஜிர்களையும், பின்னர் அன்ஸாரிகளையும், அதன்பின் குறைஷி முதியோரையும் அழைத்துக் கலந்தாலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) வினவியபோது, அவனது ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியின்பாலே செல்வதாக விளக்கினார்கள். பிறகு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் செல்வதையும் அவ்வூரிலிருந்து தப்பி வெளியேறுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை எடுத்துரைத்தார்கள். புகாரியில் இடம்பெற்றுள்ள இந்நிகழ்வை நாம் மேடைகளில் பலமுறை சொல்லியிருக்கிறோம். இதில் நாம் அதிகம் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த முடிவு முழுவதும், எல்லையில் இருந்தவர்கள் காலத்தே கொண்டுவந்த செய்தியின் மீது நிற்கிறது. செய்தி வராதிருந்தால் படையோடு நோய்க்குள் நுழைந்திருப்பார்கள். நோய் எந்த ஊரில் இருக்கிறது என்று அறிந்தால்தானே அந்த நபிமொழியின்படி நடக்கவே இயலும்?

கேட்க வேண்டியவையும் செய்ய வேண்டியவையும்

நோயாளி மருத்துவரிடம் சொல்வது அமானிதம். மருத்துவர் தளத்தில் பதிவதும் அமானிதமே. முந்தைய வாரப் படிவங்களில் பெரும்பாலும் எண்ணிக்கை மட்டுமே சென்றது. புதிய தளத்தில் ஒவ்வொரு நோயாளியின் விவரமும் தனித்தனியே பதிவாகிறது. ஆகவே பொறுப்பும் கூடுகிறது. 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. இவற்றின் துணைகொண்டு நாம் அரசிடம் கேட்க வேண்டியவை நான்கு.

முதலாவது, நோயாளியின் பெயரும் தொலைபேசி எண்ணும் சிகிச்சைக்கும் தடுப்புப் பணிக்கும் பொறுப்பானவர்களைத் தாண்டிச் செல்லக்கூடாது. மக்களுக்கு வெளியிடப்படுவது எண்ணிக்கையும் ஊரும் மட்டுமாக இருக்க வேண்டும். இரண்டாவது, எந்த அறிக்கையிலும் மதம், சாதி, நிகழ்வின் பெயர் ஆகியவை அடையாளமாக இடம்பெறக்கூடாது. மூன்றாவது, பதிவு செய்வது ஓரிரு நிமிட வேலையாக இருக்க வேண்டும். மாலையில் எண்பது நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவரிடம் நீண்ட படிவத்தை நீட்டினால் அவர் அதைத் தொடமாட்டார். நான்காவது, வேலூரில் செய்ததுபோல், திரட்டிய செய்தி ஒவ்வொரு வாரமும் மருத்துவர்களுக்குத் திரும்பிச் செல்ல வேண்டும்.

நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியவையும் உண்டு. மருத்துவரிடம் உண்மையைச் சொல்வோம். எந்த ஊர், எத்தனை நாள் காய்ச்சல், வளைகுடாவிலிருந்து யாரேனும் வந்தார்களா, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்பதை மறைக்காதிருப்போம். நம் குடும்ப மருத்துவர் நோய்களை அறிவிக்கிறாரா என்று மரியாதையோடு கேட்போம். நோயாளியே கேட்பது, அதிகாரியின் கடிதத்தைவிட வலிமையானது. நம் சமுதாயத்தில் மருத்துவர்களாக உள்ள சகோதர சகோதரிகள் இதில் முன்மாதிரியாக நிற்க வேண்டும். தொற்று கண்ட ஒருவரின் பெயரைத் தெருவில் பேசுவதும் குழுக்களில் பகிர்வதும் புறம் பேசுவதிலேயே சேரும் என்பதை ஜும்ஆ உரைகளில் நினைவூட்டுவோம்.

மக்தப் மத்ரஸாக்களில் பணிபுரியும் ஆசிரியர்களாகிய நமக்குத் தனிப் பொறுப்பு உண்டு. பிள்ளைகளின் வருகைப் பதிவேடு நம் கையில் இருக்கிறது. ஒரே வாரத்தில் ஒரே தெருவைச் சேர்ந்த பிள்ளைகள் பலர் காய்ச்சலால் வராமலிருந்தால், மருத்துவருக்கும் முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. வெறும் 'ஆப்சென்ட்' என்று குறித்துவிட்டுக் கடந்து போகாமல், கிராம சுகாதாரச் செவிலியரிடமோ 104 என்ற மாநிலச் சுகாதார உதவி எண்ணிலோ சொல்ல வேண்டும். ஜமாஅத் நிர்வாகிகளும் தம் மஹல்லாவில் இப்பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கலாம். ஊரில் சிலர் செய்தால் அனைவரின் பொறுப்பும் நீங்குவதும், எவரும் செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளிகளாவதும் ஃபர்ளு கிஃபாயாவின் சட்டம். மஹல்லாவில் பரவும் நோயைப் பற்றிய செய்தியை உரியவரிடம் சேர்ப்பதையும் அத்தகைய கடமையாகவே நாம் கருதுகிறோம்.

அடுத்த கொள்ளைநோய் எந்தத் தெருவில் தொடங்கும் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். அது தொடங்கும் நாளில் அதை முதலில் காணப்போவது பெரும்பாலும் ஒரு சாதாரணக் கிளினிக்கின் மருத்துவரே. அவர் வாய் திறந்து பேசவும், அவர் பேசுவது எவரையும் காயப்படுத்தாதிருக்கவும் ஆன ஏற்பாட்டை நோயில்லாத இந்நாள்களிலேயே நாம் கேட்டுப் பெற வேண்டும். மலையில் வாழ்வோரையும் சமவெளியில் வாழ்வோரையும் எல்லா நோய்களிலிருந்தும் வல்ல இறைவன் காப்பானாக! நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணும் மக்களாக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.